முப்பத்தொரு பட்டன்களும் ஒரு விரலும்

“இந்த ஆப்பைச் செஞ்சது யாரு?”

ஆபீஸ் வாசலில் நின்றபடி ஒரு பெண் கேட்டார். இரண்டரை மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. தோளில் பெரிய பை. கையில் போன். உள்ளே வரலாமா என்று கேட்கிற முகமாக இல்லை.

எங்கள் ஆபீஸைத் தேடிக்கொண்டு யாரும் வருவது கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில், வாஷர் அடிக்கும் பட்டறை ஒன்றின் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மொபைல் ஆப் செய்கிறோம் என்பது கீழே இருக்கும் டீக்கடைக்காரருக்கே சரியாகத் தெரியாது. “கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்றுதான் இன்னமும் கேட்பார். அப்படியிருக்க, விலாசம் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்றால்?

பெருமையாக எழுந்தேன். “நான்தான். உமா. சொல்லுங்க.”

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். என்ன செய்ய... வாரம் ஒரு நாள் உங்களுக்குப் பத்தி எழுதுகிறவள், மீதி நாள் கோட் எழுதுகிறவள். இரண்டு தொழிலிலும் பாராட்டு அபூர்வம். அந்த நப்பாசை.

“எம்பேரு தேவிகா. வீட்டு வீட்டுக்குப் போற நர்ஸு. நான் செய்யாத ஒண்ண நான் செஞ்சதா உங்க ஆப் சொல்லுது. அத நம்பி என்ன வேலைக்கு வராதன்னுட்டாங்க.”

நப்பாசை அங்கேயே முடிந்தது.

விஷயம் இதுதான். வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் சேவை ஒன்று பூந்தமல்லியில் இருக்கிறது. ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது... அவர்களுடைய நர்சுகளுக்கான ஆப்பை இரண்டு வருடம் முன்பு நாங்கள் செய்து கொடுத்தோம். இன்று எந்தெந்த வீடு, எத்தனை மணிக்கு, என்ன மருந்து என்பதெல்லாம் அதில் வரும். நர்ஸ் ஒவ்வொரு வீட்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். போக முடியாது என்றால் ரத்து செய்ய வேண்டும்.

குமணன்சாவடியில் ஏகாம்பரம் என்று ஒரு சர்க்கரை நோயாளி. எழுபது வயது. காலில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். ‘தேவிகா அந்த வீட்டை ரத்து செய்துவிட்டார்’ என்று ஆப் சொன்னது. அடுத்தடுத்து மூன்று முறை யாரும் போகவில்லை. புண் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் வலது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

“நான் கேன்சல் பண்ணல மேடம். அவர எதுக்கு நான் கேன்சல் பண்ணப்போறேன்?”

லேப்டாப்பைத் திறந்தேன். ஆப்பில் யார் எதை அழுத்தினாலும் எங்களிடம் பதிவாகிவிடும். லாக் என்போம். தேடினேன். இருந்தது. காலை ஏழு நாற்பத்திரண்டு. தேவிகா. ரத்து. அவருடைய போன்தான். அவருடைய பாஸ்வேர்டுதான்.

“லாக்ல உங்க பேர்தாங்க இருக்கு” என்றேன்.

“அப்ப நான் பொய் சொல்றேன்றீங்களா?”

மனிதர்கள் மறப்பார்கள், லாக் மறக்காது என்பதுதான் இத்தனை வருடமாக நான் நம்பிய வேதம். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பப் போனார்.

பக்கத்து சீட்டு யாஸ்மின்தான் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “உக்காருங்கக்கா... தண்ணி குடிங்க.” பிறகு என்னிடம், “இவங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு ஒரே ஒரு தடவை பாத்துடலாமே?” என்றாள்.

பார்த்துவிடலாமே! இரண்டு வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சோதனைக்கென்று வைத்திருக்கும் போனை அவரிடம் கொடுத்தேன். “காலையில என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க.”

“வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நிக்கும்போதுதான் இத பாப்பேன். ஒரு கையில பை இருக்கும். இன்னொரு கையில இப்படி...”

கட்டை விரல் மட்டும் வேலை செய்தது. முதல் ஸ்கிரீனில் வீடுகளின் பட்டியல். வலது கீழ் மூலையில் ‘ஏற்கிறேன்’. டக். அடுத்த வீடு. டக். அடுத்தது. டக். விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது படிக்கவில்லை. பழகிய இடத்துக்குப் போய்ப் போய் வந்தது.

“அன்னிக்கு ஏகாம்பரம் ஐயாவுக்கு டாக்டர் மருந்து மாத்தியிருந்தாரு. என்ன மருந்துன்னு உள்ள போய்ப் பாத்தேன்.”

பெயரைத் தொட்டார். உள் ஸ்கிரீன் திறந்தது. மருந்தைப் படித்தார். கட்டை விரல் வழக்கம்போல வலது கீழ் மூலைக்குப் போனது. டக்.

அந்த ஸ்கிரீனில் மட்டும், வலது மூலையில் இருந்தது ‘ரத்து’.

ஒரு பெட்டி முளைத்தது. ‘கேன்சல் செய்யவா?’ என்று ஊசி எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று ‘கேன்சல்’. இன்னொன்று ‘ஓகே’.

“ட்ரெயின் வந்துகினு இருந்துச்சு. ஓகேன்னு போட்டேன். ஓகேன்னா ஓகேதானே மேடம்?”



அந்த ஸ்கிரீன் நினைவிருக்கிறது. என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம். அரை நாள் ஆபீஸ், அரை நாள் ஆஸ்பத்திரி. வேறொரு ஸ்கிரீனிலிருந்து இரண்டு பட்டன்களை காப்பி எடுத்து ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். அங்கே இடமும் வலமும் மாறியிருந்தது. அப்படியே வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன். நியாயம் சொல்லவில்லை.

“ட்ரெயின்ல ஏறி லிஸ்ட்ட பாத்தா அவர் பேரு இல்ல. ஆபீஸ்ல அடிக்கடி ஆள மாத்துவாங்க. வேற யாருக்கோ குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார் தேவிகா. பிறகு மெதுவாக, “நான்தான் அமுக்கினேனா மேடம்? நெஜமாவே நான்தானா?” என்று கேட்டார்.

அழுத்தியது அவர் விரல்தான். அழுத்த வைத்தது நான். அதை அவரிடம் அப்போதே சொன்னேன். யாஸ்மின் சாட்சி.

மதியம் சேகரிடம் போனேன். சேகர்தான் எங்கள் கம்பெனியை ஆரம்பித்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் பயம் வரும், இல்லையா?

“ரெண்டு பட்டனையும் இடம் மாத்திப் போட்டு ஒரு அப்டேட் விட்டுடு உமா. முடிஞ்சது.”

“அந்த நர்ஸ்?”

“அவங்க படிச்சுப் பாத்துட்டு அமுக்கியிருக்கணும்ல?”

“‘கேன்சல் செய்யவா?’ன்னு கேட்டுட்டு, கீழ ‘கேன்சல்’, ‘ஓகே’ன்னு ரெண்டு போட்டு வெச்சிருக்கேன். கேன்சல் வேணாம்னா நீங்க எதை அமுக்குவீங்க, சொல்லுங்க?”

யோசித்தார். “கேன்சலை கேன்சல் பண்ணணும்... அப்ப கேன்சல்?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“உண்மைய சொன்னா பூந்தமல்லிக்காரங்க நம்மள விட்டுப் போயிடுவாங்க. இங்க பன்னெண்டு குடும்பம் இருக்கு.”

“அங்க ஒரு குடும்பம் ஏற்கெனவே தெருவுல நிக்குது சேகர்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சீட்டுக்கு வந்து எண்ண ஆரம்பித்தேன். அந்த ஆப்பில் பட்டன் இருக்கும் ஸ்கிரீன்கள் எத்தனை? முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் பட்டனைத் தனித்தனியாக, கையால் எழுதியிருக்கிறேன். ஒன்றில் பச்சை என்றால் ‘சரி’, இன்னொன்றில் பச்சை என்றால் ‘திரும்பிப் போ’. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. ஒன்றில் தமிழ், ஒன்றில் இங்கிலீஷ். ஒரே ஆப்பில் முப்பத்தொரு மூட்!

சேகர் சொன்னபடி ஒரு ஸ்கிரீனைத் திருத்தலாம். மீதி முப்பதில் எது எந்த ஊர் ஏகாம்பரத்துக்காகக் காத்திருக்கிறது?

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். எங்கள் மாடிக்குக் கீழே வாஷர் அடிக்கிறார்களே... ஒவ்வொரு வாஷரையும் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை. ஒரே ஒரு டை, அதாவது வெட்டும் அச்சு, செய்துகொள்கிறார்கள். டை சரியாக இருந்தால் விழுகிற அத்தனை வாஷரும் சரி. மொபைல் ஆப்பிலும் அப்படிச் செய்யலாம். பட்டனை ஒரே ஒரு தடவை, யோசித்து, நிதானமாக, நமக்கே நமக்கென்று செய்து ஒரு பெயர் வைத்துவிடலாம். பிறகு எந்த ஸ்கிரீனில் வேண்டுமோ அங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். கஸ்டம் விட்ஜெட் என்று பெயர். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு வருடம் முன்பே தெரியும். ‘இப்போதைக்கு ஒட்டிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டேன். அந்த ‘அப்புறம்’ ஒருவருடைய கால் விரலில் வந்து நின்றது.

சாயந்திரம் ஒரு கடிதம் எழுதி சேகர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நடந்தது என்ன, தவறு யாருடையது என்று நேராக எழுதியிருந்தேன். மறுநாள் காலை அது என் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு திருத்தம். ‘இது என் தவறு’ என்று நான் எழுதிய இடத்தில் ‘இது எங்கள் தவறு’. கீழே என் கையெழுத்துக்கு மேலே, முதலாவதாக, சேகரின் கையெழுத்து.

“கோட் நீ எழுதின. அதை சரிபாக்க வேண்டியவன் நான். பாக்கல” என்றார். “வா, பூந்தமல்லி போலாம்.”

நர்ஸ் சேவையின் மேனேஜர் வசந்தி. வயது ஐம்பது இருக்கும், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு இது தெரியவே தெரியாது. எதுக்கு வந்து சொல்றீங்க?”

“தேவிகாவுக்குத் தெரியுமே மேடம்” என்றேன்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தோம். திட்டவும் செய்தார், குறைவில்லாமல். பிறகு ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். நர்சுகள் எழுதிக் கொடுத்த புகார்கள். ‘பட்டன் மாறி மாறி வருகிறது.’ ‘அழுத்தினால் அழுந்தியதா என்றே தெரியவில்லை.’ அதற்கு வசந்தி அனுப்பிய சர்க்குலரும் அதிலேயே இருந்தது. ‘ஆப்பைக் கவனமாகப் பயன்படுத்தவும்.’

“நானும் ஒழுங்கா செய்யல” என்றார். “அந்தப் பெரியவரோட பொண்ணு போன் பண்ணாங்க. வேற ஆள் அனுப்புறோம்னு சொன்னோம். அனுப்பல. விட்டுப்போச்சு. அதையும் சேத்து தேவிகா தலையில வெச்சுட்டேன்.”

எங்கள் எதிரிலேயே தேவிகாவுக்கு போன் போட்டார். தப்பு நடந்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். தேவிகாவின் பதில் எங்களுக்கும் கேட்டது.

“வர்றேன் மேடம். ஆனா ஒண்ணு. அந்த ஆப் செஞ்சவங்க ஒரு நாள் பூரா எங்கூட வரணும். என் வண்டியில.”

வசந்தி என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “கேட்டுச்சா? புது பட்டன தேவிகா பாத்து சரின்னு சொல்லணும். அப்பத்தான் எங்க போனுக்கு வரும்.”

இப்படியாக, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவடி ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் ஹெல்மெட்டோடு நின்றேன். மருந்துப் பை என் மடியில். முன்னால் தேவிகா.

அந்த ஒரு நாளில் நான் கற்றது, அதற்கு முன் பதினான்கு வருடத்தில் கற்றதைவிட அதிகம் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பருத்திப்பட்டில், ஏரி ஓரம் முதல் வீடு. தேவிகா கையில் கிளவுஸ் மாட்டி ஊசி போட்டார். முடித்துவிட்டு ஆப்பில் ‘முடிந்தது’ போட வேண்டும். கிளவுஸோடு அழுத்தினால் போன் கேட்கவில்லை. குனிந்து மூக்கால் அழுத்தினார். ஆமாம், மூக்கால்!

“எல்லாரும் இப்படித்தான் அக்கா. மூக்கு நல்லா வேலை செய்யும்.”

மேடமிலிருந்து அக்காவுக்கு வந்திருந்தேன். மூக்களவு பெரிய பட்டன் வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெளியே வெயிலில், நான் ரசித்து ரசித்து வைத்த வெளிர் சாம்பல் எழுத்து காணாமலே போனது. ஒரு தெருவில் நெட்வொர்க் திணறியது. தேவிகா ஒரு தடவை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடி... நான்கு தடவை பதிவானது. ‘ஒரே வீட்டுக்கு நான்கு தடவை போனதாகப் பொய்க் கணக்கு’ என்று முன்பே ஒரு மெமோ வாங்கியிருக்கிறாராம்.

“நீங்க யாருமே ஆப் சரியில்லன்னு சண்டை போடலையா?” என்று கேட்டேன்.

“நமக்குத்தான் போனு சரியா வரலன்னு நெனச்சோம் அக்கா. படிச்சவங்க செஞ்சது தப்பா இருக்குமா?”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன்! ஏடிஎம் முன்னால், ரயில்வே டிக்கெட் மெஷின் முன்னால், ஆன்லைன் ஃபாரம் முன்னால்... மெஷின் மோசமாக இருந்தால் மனிதர்கள் தங்களைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். செய்தவர்கள் ஏசி அறையில் நிம்மதியாக இருக்கிறோம்.

மதியம் குமணன்சாவடி. ஏகாம்பரம் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் பெரிய கட்டு. அவருடைய மகள் மல்லிகா, ஷிஃப்ட் முடிந்து வந்த யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தார். தேவிகா உள்ளே நுழைந்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது. “வாம்மா! எங்க போன இத்தினி நாளா?”

தேவிகா என்னைப் பார்த்தார். சொல்வது என் வேலை.

சொன்னேன். பட்டன், இடம் மாறியது, என் அவசரம், எல்லாம். “இவங்க மேல தப்பே இல்ல ஐயா. தப்பு எங்க மேல. மன்னிச்சிடுங்க” என்றேன்.

மல்லிகாவின் குரல் வெட்டியது. “மன்னிப்பு கேட்டா வெரலு வருமா?”

வராது என்றேன்.

பெரியவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நான் எஸ்டேட்ல முப்பது வருசம் பிரஸ் ஓட்டுனேன். பிரஸ் தெரியுமா? தகடு வெட்றது. அதுல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் ஒரே டைம்ல அமுக்குனாத்தான் எறங்கும். ஏன் தெரியுமா? ஒரு கை உள்ள இருந்தா அம்பேல் ஆயிடும். முப்பது வருசத்துல ஒரு வெரலு போகல எனக்கு. ஊட்டாண்ட குந்திகினு இருக்கசொல்லோ ஒரு வெரலு பூட்ச்சு. உன் ஆப்பு ஒரு கட்ட வெரலுக்கே எறங்கிடுச்சேம்மா...”

ஆப் என்பதை அவர் ஆப்பு என்றுதான் சொன்னார். திருத்தத் தோன்றவில்லை. சரியாகத்தான் சொன்னார்.

தலை குனிந்து நின்றேன். தேவிகா கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். புண் நன்றாக ஆறி வருகிறது என்றார். மல்லிகா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

“சரி, உடு. ஒம்போது கீது. நடக்க அது போதும்” என்றார் பெரியவர். “இப்ப புச்சா பட்டன் செய்யப்போறியா?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப எனக்கும் ஒண்ணு குடு.”

“உங்களுக்கா?”

“நர்ஸு வருது, வரல, எல்லாம் உங்க ஆபீஸுக்குத்தான் தெரியுது. வராங்காட்டி நான் இன்னா பண்றது? இவ டூட்டிக்குப் பூடுவா. நான் தனியா குந்திகினு கீறேன். நர்ஸு வரலன்னு நான் அமுக்கறதுக்கு ஒரு பட்டன் குடு. அது போய் அங்க கத்தணும்.”

“நைனா, நீ சும்மா இரு” என்றார் மல்லிகா. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. முடியுமா?

இரண்டு வருடமாக எத்தனை மீட்டிங் போட்டோம்! நர்ஸுக்கு என்ன வேண்டும், மேனேஜருக்கு என்ன வேண்டும் என்று பேசியிருக்கிறோம். யாருக்காக நர்ஸ் போகிறாரோ அவருக்கு ஒரு பட்டன் வேண்டும் என்று ஒருவருக்குமே தோன்றவில்லை.

“முடியும்ங்கய்யா” என்றேன்.

அடுத்த மூன்று வாரம் அந்த ஒரு பட்டனுக்காக உட்கார்ந்தேன். முதலில் செய்தது சொதப்பல். ஆர்வக்கோளாறில் அந்த விட்ஜெட்டுக்குப் பதினான்கு வசதிகள் வைத்துவிட்டேன். நிறம் மாற்றலாம், இடம் மாற்றலாம், அளவு மாற்றலாம்... யாஸ்மின் அதை எடுத்து இரண்டே ஸ்கிரீனில் போட்டாள். இரண்டும் இரண்டு விதமாக வந்து நின்றன! எல்லாவற்றையும் மாற்றலாம் என்று திறந்துவிட்டால் மறுபடி முப்பத்தொரு மூட்தானே?

பிடுங்க ஆரம்பித்தேன். கடைசியில் மிஞ்சியது மூன்றே கேள்வி. என்ன எழுத வேண்டும்? அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்? இது ஆபத்தான காரியமா, இல்லையா? அவ்வளவுதான். இடம், நிறம், அளவு எல்லாம் விட்ஜெட்டே பார்த்துக்கொள்ளும்.

“அக்கா, இந்த ஸ்கிரீன்ல மட்டும் ஆரஞ்சு வெச்சுக்கட்டுமா? அழகா இருக்கும்.”

“கிடையாது.”

“ப்ளீஸ்க்கா...”

“கிடையாது யாஸ்மின்.”

இனி ‘ஓகே’ என்ற சொல்லே அதில் வராது. ‘ஆமாம், இந்த வீட்டை ரத்து செய்’, ‘வேண்டாம், திரும்பிப் போ’ என்று முழுதாகத் தமிழில் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் ‘அனுப்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுத்து மாறும். அது போய்ச் சேரும்வரை மறுபடி அழுத்த முடியாது. ஆபத்தான காரியமென்றால் விரலை மூன்று விநாடி எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அழுத்துகிறபோதே போன் அதிரும். செய்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்த மூன்று விநாடி யோசனை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். போனுக்கு இரண்டு கை பட்டன் வைக்க முடியாது. மற்றபடி பிரஸ் மெஷினுக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

தேவிகா ஆபீஸுக்கு வந்து பரீட்சை வைத்தார். கிளவுஸ் போட்டுக்கொண்டு, கையை நனைத்துக்கொண்டு, மொட்டை மாடி வெயிலில் நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு... இரண்டு தடவை ஃபெயில் ஆக்கினார். மூன்றாவது தடவை, வேண்டுமென்றே அவசர அவசரமாக அமுக்கி ஒரு வீட்டை ரத்து செய்யப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். முடியவில்லை.

“இப்ப சரி” என்றார். எனக்குக் கல்லூரியில் டிகிரி கொடுத்தபோதுகூட அவ்வளவு நிம்மதி வரவில்லை.

முப்பத்தொரு ஸ்கிரீனிலும் பழைய பட்டன்களைப் பிடுங்கிவிட்டுப் புதியதைக் கூப்பிட்டு நிறுத்த யாஸ்மினுக்கும் எனக்கும் நான்கு நாள் ஆனது. ஏகாம்பரம் கேட்ட பட்டன்? விட்ஜெட் கையில் இருந்ததே... நோயாளிகளின் போனுக்கு ஒரே ஒரு ஸ்கிரீன். அதில் ஒரே ஒரு பட்டன். ‘நர்ஸ் இன்னும் வரவில்லை.’ ஒரு மதியத்தில் முடிந்தது. அது வசந்தியின் மேஜையிலிருக்கும் போனில் அலறும். யாராவது பதில் சொல்லும்வரை நிற்காது. அந்த நிபந்தனையை வைத்தது வசந்தியே.

இரண்டாவது வாரமே அது வேலைக்கு வந்தது. ஆவடியில் டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா. இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவர். கணவர் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். நர்ஸ் வண்டி வழியில் பஞ்சர். அந்த அம்மா படுத்தபடியே பட்டனை அமுக்கினார். பக்கத்தில் பருத்திப்பட்டில் இருந்த தேவிகா கால் மணி நேரத்தில் அங்கே போய் நின்றார். ஊசி நேரத்துக்குப் போட்டாயிற்று. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததற்காக வசந்தி எனக்கு போன் செய்து, “தேங்க்ஸ்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். சேகர் பயந்ததுபோல அவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. முன்னைவிட அதிகம் திட்டுகிறார்கள், அவ்வளவுதான். புகார் வந்தால் இப்போது சர்க்குலர் போவதில்லை. என் மேஜைக்கு வருகிறது.

மல்லிகா என்னை மன்னித்துவிட்டாரா? தெரியாது. கேட்கவும் இல்லை. போன மாதம் தேவிகாவோடு போயிருந்தபோது டீ போட்டுக் கொடுத்தார். பெரியவர் செருப்பு போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்து காட்டினார். ஒரு கோணல் இல்லை.

போன திங்கட்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, வசந்தியின் மேஜையில் அலறல். ‘நர்ஸ் இன்னும் வரவில்லை — ஏகாம்பரம், குமணன்சாவடி.’ வசந்திக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அதே வீடா? பதறிக்கொண்டு தேவிகாவுக்கு போன் போட்டார். என்னையும் லைனில் இழுத்துவிட்டார்.

“தேவிகா! எங்க இருக்க? ஏகாம்பரம் வீட்டுக்கு ஏன் இன்னும் போகல?”

“மேடம், நான் அவர் பக்கத்துலதான் உக்காந்துகினு கீறேன். கட்டுகூட மாத்தியாச்சு!”

போன் கை மாறும் சத்தம். பெரியவரின் குரல்.

“ஒண்ணியும் இல்லம்மா. வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்தேன்.”

வசந்தி பல்லைக் கடித்தார். இரண்டு வருடம் முன்பு நான் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் பெரியவர் செய்திருந்தார்.